சிபில் அடிவாங்கிய புதுப் பட்டதாரிகள்: கேள்வி பதில்

பொதுத்துறை வங்கியில் 26 வருடம் வேலை பார்த்தேன், பெரும்பகுதி கடன் பிரிவில். படிப்பு முடித்த மூன்று நான்கு வருடத்துக்குள் சிபில், அதாவது கடனைக் கட்டிய விதத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண், கெட்டுப்போய் வந்து நின்ற பிள்ளைகள் ஏராளம். பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. நடைமுறை தெரியாமல் மாட்டியவர்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.இ., 2022, திண்டுக்கல்: சார், பைக் லோன் கேட்டேன். சிபில் 584 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் 750 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் கணக்கு விவரத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் கடன் கொடுத்த வங்கிக்குத்தான் உண்டு. பதிவு தவறு என்றால் நீங்களே காசு செலவில்லாமல் புகார் கொடுத்துத் திருத்தலாம். பதிவு உண்மை என்றால் யாராலும் அழிக்க முடியாது. அந்த ஆளிடம் 8,000 ரூபாயோடு உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் போய்விடும்.

முதலில் முழு அறிக்கையை எடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. மேலே பெரிதாக இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், 36 மாதம் வரை. 000 என்றால் பாக்கி இல்லை. 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் வங்கி விவரம் அனுப்பவில்லை, அவ்வளவுதான். நோய் அந்தக் கட்டங்களில்தான் தெரியும்.

ஒரு பையன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கடனே வாங்கியதில்லை என்று சத்தியம் செய்தான். அறிக்கையில் ஒரு கிரெடிட் கார்டு, பாக்கி 412 ரூபாய். கல்லூரி வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. ஆண்டுக் கட்டணம் ஏறியிருக்கிறது. செல் நம்பரை மாற்றியதால் பில் வரவே இல்லை. கட்டங்களில் 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. பழைய நம்பரை மாற்றும்போது வங்கியில் சொல்லாமல் விடாதீர்கள்.

எம்.சி.ஏ., 2020, விருதுநகர்: கல்விக் கடன் தள்ளுபடி ஆகும் என்று எல்லோரும் சொன்னதால் கட்டாமல் இருந்தேன். இப்போது வட்டியோடு 3,20,000 நிற்கிறது. வசூல் ஏஜென்ட் 1,80,000 கொடுத்தால் முடித்துவிடலாம் என்கிறார். லாபம்தானே சார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், அதிகம் வருத்தப்பட்டதும் இதில்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் தள்ளுபடிப் பேச்சு வரும். அதை நம்பி நிறுத்திய மாதங்களுக்கும் வட்டி ஓடும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும்தான் பொதுவாக அவகாசம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை ஆரம்பித்துவிடும். 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன்.

1,80,000 கட்டினால் கடன் முடியும். ஆனால் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். முழுப் பணம் கொடுக்காதவர் என்று அடுத்த வங்கி அதைப் படிக்கும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) குறைத்து முடித்தாலும் இதே கதைதான். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது இந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும்.

அதற்கு முன் கிளைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மொத்த பாக்கி வேண்டாம் சார், ஓவர்டியூ எவ்வளவு?” இரண்டும் வேறு வேறு. மொத்தம் 3,20,000 என்றாலும், இதுவரை தவறிய தவணைகளும் வட்டியும் மட்டும் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த ஓவர்டியூவை முழுதாகக் கட்டினால் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும். ஓரிரு தவணை மட்டும் கட்டினால் ஆகாது. ரிசர்வ் வங்கி இதை 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன்பின் மாதத் தவணை. சம்பளம் போதவில்லை என்றால் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வங்கி முழுக் கடனையும் ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டுவிட்டிருந்தால் இந்த வழி கடினம். ஆனாலும் மேலாளரிடம் பேசிப் பாருங்கள், ஏஜென்ட்டிடம் பேசாதீர்கள்.

குடும்பத்தில் நோய், வருமானமே இல்லை, வேறு வழியில்லை என்றால் செட்டில்மென்ட் தப்பில்லை. எழுத்தில் வாங்கிக்கொண்டு, கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள். பிற்பாடு கையில் பணம் வந்தால் விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றக் கேட்கலாம்.

பி.காம்., சேலம்: கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. மாதாமாதம் மினிமம் டியூ (பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் 2,000 கட்டுகிறேன். கடன் குறையவே இல்லையே?

குறையாது மா. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 1,400 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் அசலுக்குப் போவது 348 ரூபாய்தான். கார்டை இன்றோடு தேய்க்காதீர்கள். வங்கியில் பேசி நிற்கும் தொகையைக் குறைந்த வட்டி இஎம்ஐ-யாக மாற்றுங்கள். கையில் சின்ன நகை இருந்தால் அதை அடகு வைத்து இதை அடைப்பதுகூட லாபம்.

பி.ஏ., தஞ்சாவூர்: நான் வாங்காத ஆப் லோன் ஒன்று என் பெயரில் இருக்கிறது.

சிபில் தளத்திலும் அந்த நிறுவனத்திலும் இன்றே புகார் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். பான் திருடப்பட்டதாகத் தோன்றினால் சைபர் கிரைமிலும் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் விதி இது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போங்கள்.

பி.எஸ்சி., மதுரை: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். சிபில் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். கடன் பதிவு மோசமாக இருந்ததால் எஸ்பிஐ ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பணத்தைக் கையாளும் வேலை என்பதால் அந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே பாக்கியை அடைத்துச் சான்று வாங்குங்கள்.

பி.டெக்., கோவை: எல்லாம் அடைத்துவிட்டேன். இனி எப்படி ஏற்றுவது?

20,000 ரூபாய் வைப்புத் தொகை போட்டு அதன் மேல் கார்டு வாங்குங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு, தேதிக்கு முன் முழுப் பணம். வேறெங்கும் விண்ணப்பம் போடாதீர்கள். நாலு இடத்தில் கேட்டால் நாலும் பதிவாகும். ஆறு மாதத்தில் அசைவு தெரியும், நல்ல நிலைக்கு ஒன்றரை இரண்டு வருடம் பொறுங்கள்.

ஒரு தந்தை, அரியலூர்: மகனின் கல்விக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது எனக்குக் கடன் கிடைக்கவில்லை. அவனிடம் கேட்டால் கோபப்படுகிறான்.

ஐயா, நீங்கள் இணைக் கடனாளி. அவன் கட்டத்தில் விழுந்த 090 உங்கள் கட்டத்திலும் விழுந்திருக்கும். அது அவனுக்குத் தெரிந்திருக்காது, அநேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் அறிக்கையை அச்செடுத்து அவன் கையில் கொடுங்கள், திட்ட வேண்டாம். இருவரும் சேர்ந்து கிளைக்குப் போய் ஓவர்டியூவைக் கேளுங்கள். மாத ஆரம்பத்திலும் கடைசியிலும் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். பாஸ்புக்கையும் கடன் கொடுத்தபோது தந்த ஆணைக் கடிதத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.