ஓவியம், சுடுமண், நூல் படங்கள்: மூன்றையும் ஒரே காலத்தில் செய்வது எப்படி?

எண்ணெய் வண்ண ஓவியம், சுடுமண் சிற்பம், சிறுவர் நூலுக்கான படங்கள் ஆகிய மூன்றையும் ஒன்று மற்றொன்றைப் பாதிக்காமல் எப்படிச் செய்வது என்று புதுச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பொருளும் எங்கே உங்களைக் காத்திருக்க வைக்கிறதோ, அந்த இடைவெளியில் அடுத்ததை நுழைப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

களிமண்தான் இவற்றுள் மிகவும் கண்டிப்பானது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர்களின் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். உடற்பகுதி ஓரளவு இறுகிய பிறகே கையையோ தலையையோ ஒட்ட முடியும். ஈரமாக இருந்தால் பாரம் தாங்காமல் சரியும், முழுவதும் காய்ந்துவிட்டால் ஒட்டிய இடம் விரிசல் விடும். ஆகவே மண் பதத்துக்கு வரும் நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். முடியாதபோது ஈரத்துணியால் மூடி, அதன்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி வைத்தால் சில நாள்கள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உலர்வது வெகுவாகத் தாமதமாகும் என்பதால், பெரிய சிற்பங்களைப் பங்குனிக்குப் பிறகு, நிழலில் மெல்ல உலரும்படி வைத்துக்கொண்டு, மழைக்காலத்தை நூல் படங்களுக்கு விடுங்கள்.

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஒரு பூச்சு தொடும் பதத்துக்கு வரவே பல நாள்கள் பிடிக்கும். அந்த நாள்களில் நூலுக்கான பென்சில் வரைவுகளை முடிக்கலாம். பதிப்பாளரிடம் தேதியை ஒப்புக்கொள்ளும் முன், சூளை வைக்கும் நாள்களைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான்காவதாக ஒரு யோசனை தோன்றினால் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்றில் ஒன்று முடியும்வரை அதற்கென எதையும் வாங்காதீர்கள்.