டெல்லியில் கோடி கோடியாக வாங்கும்போது, ஓட்டுக்கு வரும் ஐநூறு ரூபாயைக் கிறிஸ்தவர் மறுக்கத்தான் வேண்டுமா? எப்படி மறுப்பது?

மறுக்கத்தான் வேண்டும். கஷ்டம் அந்த "எப்படி"யில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் "டெல்லியில் கோடி கோடியாக" என்ற பேச்சு. தஞ்சாவூரில் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் இதைத்தான் கேட்கிறேன். 2024 லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ரொம்பவே கேட்டேன். அந்த வருடம் பிப்ரவரி 14, லெந்து தொடங்கும் சாம்பல் புதன். மறுநாளே, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மார்ச் நடுவில் பத்திரம் வாங்கிய கம்பெனிகளின் பட்டியலும் பணம் பெற்ற கட்சிகளின் பட்டியலும் வெளியே வந்தன. ஏப்ரல் 19 நமக்கு வாக்குப்பதிவு. பட்டியலைப் பார்த்து எல்லாருக்கும் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் சில வாரங்களிலேயே அந்தக் கோபம் "அவங்களே அவ்வளவு வாங்குறாங்க, நமக்கு இது என்ன" என்று ஆகிவிட்டது. அடுத்தவன் பாவத்தைப் பெரிதாகக் காட்டி, நம்முடையதை ஒன்றுமில்லாததாக்குவது சோதனைக்காரனின் பழைய வேலை. செய்தி பார்க்கும்போது நான் பயப்படுவது இதற்குத்தான்.

இன்னொரு சமாதானமும் உண்டு: "காச வாங்கிக்க, ஓட்ட மனசாட்சிப்படி போடு." நல்லவர்கள்கூட இதை நம்புகிறார்கள். இதற்கும் அதே லெந்து நாட்களில், மார்ச் 4 அன்று, ஒரு பதில் வந்தது. 1993 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் எம்.பி.க்கள் பணம் வாங்கிய வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் விசித்திரமான ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பணம் வாங்கி, சொன்னபடி வாக்களித்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; வாங்கிவிட்டு வாக்களிக்காமல் இருந்தவருக்குக் கிடையாது! 2024-இல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டார்கள். லஞ்சத்தைக் கையில் வாங்கிய அந்த நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது, அப்புறம் எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டே இல்லை என்றார்கள். நம் வீட்டு வாசலுக்கும் இதே நியாயம்தான். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே ஓராண்டு வரை சிறை என்கிறது. பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்று யாத்திராகமம் சொல்வதும், வாங்கிய கையோடு நம் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2016 மே 16-இல் நடக்க வேண்டிய நம் தொகுதியின் சட்டமன்றத் தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகவே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. நாம் ஓட்டுப் போட்டது நவம்பர் 19-இல்.

ஆனாலும் வாங்கும் எல்லாரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. இயேசுவிடம் சோதனைக்காரன் வந்தது நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு, அதுவும் அப்பத்தைக் காட்டிக்கொண்டு. டெல்டாவில் தேர்தல் வருவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து பயறும் எடுத்தாகிவிட்டால் வயலில் வேலை இல்லை. மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும்வரை கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நூறு நாள் சம்பளம் எப்போது ஏறும் என்று பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் கையில் வைக்கப்படும் இரண்டு நோட்டை மறுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதற்கு முன்னால், பென்ஷனும் சம்பளமும் வாங்கிக்கொண்டே கை நீட்டும் நாம் நிறுத்தியாக வேண்டும். சபையின் ஓட்டை மொத்தமாகப் பேசி, கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்கிற பெரியவர்களும்தான். இடம் வேண்டியதுதான், அது நம் உரிமை. பேரம் பேசிப் பெற வேண்டியதில்லை.

இனி, எப்படி மறுப்பது? கொண்டுவருபவர் யாரோ அல்ல, தெருப் பிள்ளை. வாக்காளர் பட்டியலை மடித்துக் கையில் வைத்திருப்பார், பெயருக்கு நேரே பென்சில் டிக் இருக்கும். மறுத்தால் எதிர்க்கட்சிக்காரர் என்று குறித்துக்கொள்வார். அந்தப் பயம்தான் பாதிப் பேரை வாங்க வைக்கிறது. என் அம்மா இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும்.

"பெரியம்மா, நம்ம வீட்டுல மூணு ஓட்டு."

"வேணாந் தம்பி. யாரு குடுத்தாலும் வாங்குறதில்ல, நாளைக்கு அவங்க வந்தாலும் இதான். ஓட்டுப் போட வந்துருவேன். வெயில்ல வந்துருக்க, மோர் குடிச்சுட்டுப் போ."

பணத்தைத்தான் மறுக்கிறார், பிள்ளையை அல்ல.

மறுக்கவே முடியாத இடமும் உண்டு. சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் காலத்து மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை நினைப்பேன். 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்காகத் தூது போனபோது, மைசூரை ஆண்ட ஐதர் அலி வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் திரும்பி வந்ததும் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், அனுமதி கேட்டுத் தஞ்சாவூரில் ஒரு தருமப் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார். யார் தந்தது, எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். தேர்தல் பத்திரத்தில் இல்லாமல் போனது இதுதான்.

வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் மறுத்ததைப் பின்வாசலில் தம்பி வாங்கிவிடுவான். சோதனைக்காரன் சில காலம்தான் விலகிப்போனான் என்று லூக்கா எழுதுகிறார். எம்.பி. தேர்தலில் மறுத்தவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேட்பாளரே மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார், கவரோடு அத்தையே நேரில் வருவார். அதற்கான பதிலையும் இப்போதே யோசித்து வையுங்கள்.