மேற்குச் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்டாமுத்தூர் பக்கம் எட்டு சென்ட் நிலத்தில் வங்கிக் கடனில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். மேற்கே மலை தெரிகிறது. இயற்கையோடு இணைந்த நவீன வீடு வேண்டும் என்றதற்கு, கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதையும் திறக்காத கண்ணாடியாக வடிவமைப்பாளர்கள் வரைந்து தந்திருக்கிறார்கள். மலையை மறைக்கும் வேப்பமரத்தை எடுக்க வேண்டுமாம். இரட்டைக் கண்ணாடி போட்டால் சூடு குறையுமா? மேற்கில் பெரிய திறப்பு வாஸ்துப்படி சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாஸ்துவை விடுங்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட மேற்குச் சுவர்களைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுவாணி சாலையில் என் நண்பர் இப்படித்தான் ஒரு வீடு கட்டினார். ஏப்ரலில் ஒரு பிற்பகல் அங்கே போயிருந்தேன். கண்ணாடி முழுக்கக் கனத்த திரை, உள்ளே ஏசி. கண்ணாடியை ஒட்டிப் போட்டிருந்த சோபாவின் முதுகு வெளுத்து வெடித்திருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை. மலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆறு மணிக்கு மேல்தான் திரையை விலக்குவோம் என்றார் அவர் மனைவி.

மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்ந்து வருகிறது. சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அதன் அடியில் புகுந்துவிடும். வெளிக்காற்றின் சூட்டை இரட்டைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். நேராக விழும் வெயிலோ சாதாரணக் கண்ணாடி இரண்டு அடுக்கானாலும் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். தரையும் சுவரும் அதைக் குடித்துச் சூடேறும், அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. அதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதானே கோவைக்குச் சுகம்? அது வரும் திசையில் திறக்காத கண்ணாடியை நிறுத்திவிட்டு, இயற்கையோடு இணைகிறோம் என்கிறீர்கள். மலையைக் கண்ணால் பார்த்தால் போதுமா? அது அனுப்பும் காற்று வேண்டாமா?

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியபோது குன்றைச் சமப்படுத்தவில்லை. சரிவின் போக்கிலேயே கட்டடங்களை அமைத்தார். மரம் குறுக்கிட்டால் அவர் சுவர்தான் வளைந்துகொடுக்கும். செங்கற்களுக்கு நடுவே சந்து விட்டு அவர் எழுப்பிய ஜாலிச் சுவரில் சாய்வெயில் செங்கல்லின் கனத்திலேயே பெரும்பாலும் முட்டி நின்றுவிடும், காற்று உள்ளே வரும். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையையும் அவர்தான் இங்கே பரப்பினார். ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளே இருக்கும் வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். கடன் வாங்கிக் கட்டும் உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லையா?

அந்த வேம்பை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் ஏறும் சித்திரைக்குள் தழைத்துவிடுகிற மரம். உங்கள் மேற்குச் சுவருக்கு அதைவிட நல்ல நிழலை யாரும் வரைந்து தர முடியாது. அதன் பின்னால் ஜாலியும் திறந்து மூடும் இரண்டு ஜன்னல்களும் வையுங்கள். கிளைகளுக்கு நடுவே மலை தெரியும். முழு மலையும் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

மரம் வெட்ட முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும். வரவேண்டாம் என்று வெட்டுபவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.