புறநகர் வீட்டை விட்டு வேறு நகரத்தில் வாழ்ந்து பார்க்கிறோம், திரும்பிப் போக மனமே வரவில்லை. இது வெறும் புது ஊர் மயக்கமா?

பாதி மயக்கம்தான். மீதிப் பாதியை நீங்கள் மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குப் புறநகரில் பதினோரு வருடமாகச் சொந்த வீடு. மனைவிக்கு ஓராண்டு மட்டும் வேறு நகரத்தில் வேலை என்று வந்ததும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் நடுவே ஒரு இரண்டாம் மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அறைகள் சின்னவை. தெருச் சத்தம் இரவு பதினொன்று வரை ஓயாது. முதல் வாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை ஏழு மணிக்கு, ஒன்பது வயது மகள் வந்து, "அப்பா, கிராஃப் நோட்டு தீர்ந்துபோச்சு, நாளைக்கு வேணும்" என்றாள். என் கை தானாகக் கதவோரம் கார் சாவியைத் தேடிப் போனது. பழைய வீட்டில் சாவி மாட்டும் இடம் அது. அதற்குள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருமுனையில் திரும்பினாள். எட்டு நிமிடத்தில் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மேலே வந்ததும் மீதிச் சில்லறையை மேசையில் பரப்பி இரண்டு தடவை எண்ணினாள். அவ்வளவு பெருமை முகத்தில்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புறநகரில் இடமும் அமைதியும் நல்ல காற்றும் இருந்தது உண்மை. ஆனால் வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், பள்ளி இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்த இடத்தில் ஒரு பென்சில் வாங்குவதற்குக்கூட வண்டி எடுக்க வேண்டும். பிள்ளைகள் எதற்கும் பெரியவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் அதை நான் ஒரு குறையாகவே பார்த்ததில்லை.

அலுவலகப் பயணமும் அப்படித்தான். தூரத்தில் இருந்தால் பெரிய வீடு கிடைக்கிறதே, கணக்கு சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் போகிறோம். புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டுட்ஸர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பயண நேரம் கூடக் கூட மக்களுக்கு வாழ்க்கையில் திருப்தி குறைகிறது, வீடோ சம்பளமோ அதை ஈடு செய்யவில்லை என்பதே அவர்கள் கண்டது. தினமும் இரண்டரை மணி நேரம் வண்டியில் இருந்தவன் என்ற முறையில் அதை அப்படியே நம்புகிறேன்.

இப்போது மயக்கத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் நீங்கள் அந்த ஊரில் விருந்தாளி. ரிப்பேர் வேலை, உறவுக்காரர் வருகை, பழைய கடமைகள் எதுவும் இன்னும் உங்களைத் தேடி வரவில்லை. அதனால் மழைக்காலத்தைப் பாருங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வரும் வாரத்தைப் பாருங்கள். எங்களுக்கு ஐந்தாவது மாதம் அது நடந்தது. இரவு ஒரு மணிக்கு மகளுக்கு நல்ல ஜுரம், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. புறநகரில் எங்கள் மாற்றுச்சாவியே பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இருந்தது. அந்த இழப்பு பெரிது, இன்றும் வலிக்கிறது. அப்புறம்தான் மாடிப்படியில் பார்ப்பவர்களிடம் நாங்களாகவே நின்று பேச ஆரம்பித்தோம்.

வீட்டை விற்கிற முடிவை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் இரண்டு வாரம் பழைய வீட்டில் போய் இருங்கள். விடுமுறையில் போகாமல், வேலையும் பள்ளியும் நடக்கிற நாட்களில் போக முடிந்தால் நல்லது. நாங்கள் அப்படித்தான் போனோம். மரங்களைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது, இங்கேயே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மறுநாள் மாலை மகள் வண்ணப் பென்சில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு அலுவலக அழைப்பு முடிய நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்து பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்து இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். அன்று இரவே நகரத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வருடம் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.