நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் உட்காருவதே இல்லை, எதையும் எழுதி முடிப்பதில்லை என்று டீச்சர் தினமும் சொல்லி அனுப்புகிறார். ஆனால் வாய்க்காலில் தூண்டில் போட்டால் ஒரு மணி நேரம் அசையமாட்டான். டவுனில் ஒரு மையத்தில், நியூரோஃபீட்பேக் 40 சிட்டிங் கொடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா? — மன்னார்குடி அருகிலிருந்து ஒரு தாய்.

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதைக்கு நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இந்தப் பயிற்சியில் ஆபத்து பெரிதாக இல்லை. தலையில் உணரிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். மின்சாரம் எதையும் உள்ளே செலுத்துவதில்லை. அலைகள் வேண்டிய விதத்தில் மாறினால் திரையில் விளையாட்டு ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். அப்படியே மூளை கவனிக்கப் பழகும் என்பது எண்ணம். 1970களிலிருந்தே முயன்று வருகிறார்கள்.

பலன் உண்டா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையுள்ள 144 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி. மற்றப் பிரிவுக்கும் அதே நாற்காலி, அதே விளையாட்டு. ஆனால் திரையை ஓட்டியது முன்பே பதிவான வேறொரு குழந்தையின் அலைகள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுமே நன்றாக முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில்! 2024இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. "எங்கள் பிள்ளை தேறிவிட்டான்" என்று மற்ற பெற்றோர் சொல்வது பொய்யில்லை. வாரத்தில் சில நாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக ஊக்கம் கொடுத்தால் எந்தக் குழந்தையும் கொஞ்சம் மலரும்தானே?

தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். கவனக்குறைவு உள்ள பிள்ளைகள் பிடித்த வேலையில் மூழ்கிப்போவார்கள். பிடிக்காததில் மனதை நிறுத்துவதுதான் அவர்களுக்குப் பாடு. ஆகவே அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று தயவுசெய்து அடிக்காதீர்கள்.

முதலில் இது ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறுதானா என்று தெரிய வேண்டும். பள்ளியில் மட்டுமா, வீட்டிலும் அப்படியா? கண் பார்வை, காது, தூக்கம், ரத்தசோகை எல்லாம் பார்க்க வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பானா? அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் நல மருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் பார்க்கலாம்.

ஏடிஹெச்டி என்று உறுதியானால், பெற்றோருக்கான பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும் அவசியம். தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரை. இதற்கு ஆய்வுகளின் ஆதாரம் வலுவானது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடையையும் உயரத்தையும் மருத்துவர் அவ்வப்போது அளந்து பார்ப்பார்.

போகும்போது அவனுடைய பள்ளி நோட்டு இரண்டையும், டீச்சர் கையால் எழுதித் தந்த ஒரு குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அப்புறம், அந்தத் தூண்டில் கதையையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.