"ஓ, கம் ஆன்!" என்றால் பாராட்டு இல்லை

"இன்னும் இரண்டு நாள் வேணும்" என்று நீங்கள் கேட்க, மேலாளர் "ஓ, கம் ஆன்!" என்றார், நீங்கள் "தேங்க்யூ சார்" சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊக்கம் இல்லைங்க. "அட, என்னப்பா இது!" என்ற சலிப்பு.

முன்னால் வரும் "ஓ"தான் துப்பு. அதோடு "ஆன்" இழுபட்டுக் குரல் கீழே இறங்கினால் எரிச்சல், அல்லது "சும்மா கதை விடாதே". கிரிக்கெட் மைதானத்தில் கேட்பது வேறு ரகம்: வெட்டென்று, அழுத்தமாக, இரண்டு மூன்று முறை அடுக்கி வரும். நம்ம "விடாதே, அடி!" மாதிரி. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னால் வெறும் "சீக்கிரம் வா". சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் இழுத்துக் கொஞ்சினால் கெஞ்சல். பின்னால் "இன்" சேர்ந்தால் மட்டும் "உள்ளே வாங்க". அதில் கோபம் தேடாதீர்கள்.

அடுத்த முறை "சாரி, ஐ நோ" என்று தொடங்கி, முடிக்கும் கிழமையையும் தாமதத்துக்கான காரணத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அதே "கம் ஆன்" மட்டும் மேலாளரிடம் திரும்பிப் போகக் கூடாது. நண்பர்களுக்குள் சரி, மேலே இருப்பவரிடம் துடுக்காகத்தான் கேட்கும்.