அமெரிக்காவில் ஒரே போதைப்பொருளுக்கு இரண்டு விதமான தண்டனை எப்படி வந்தது?

கொக்கைன் தூளாகவும் வரும், சமையல் சோடா சேர்த்துக் காய்ச்சிய 'கிராக்' கட்டியாகவும் வரும். சரக்கு ஒன்றுதான். ஆனால் 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, 5 கிராம் கிராக் விற்று மாட்டினால் குறைந்தது 5 ஆண்டு சிறை. தூள் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டியிருந்தது. சட்டத்தில் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தும் கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அந்த ஜூன் மாதம் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தேர்வான இரண்டாம் நாளே கொக்கைனால் இறந்தார். நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்தல். யார் அதிகக் கடுமை காட்டுவது என்று இரு கட்சிகளும் முந்திக்கொண்டன; அக்டோபரில் அதிபர் ரீகன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இதில் கொடுமை என்னவென்றால், பயஸ் எடுத்தது தூள்தான்!

இரு கட்சிகளும் சேர்ந்து செய்ததால், இதை ஒரு கட்சியின் பாரபட்சம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒபாமா காலத்தில், 2010இல், 100க்கு 1 என்ற விகிதம் 18க்கு 1 ஆனது. அதற்கு முன்பே தண்டிக்கப்பட்டவர்கள் அந்தச் சலுகையைக் கேட்க, 2018இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் வரவேண்டியிருந்தது. சமமாக மட்டும் யாரும் ஆக்கவில்லை.